இஸ்தான்புலில் ஒரே ஒரு பகல்: ஹாகியா சோபியாவா, கோராவா, குச்சுக் ஆயசோபியாவா?

இஸ்தான்புல் வழியாக ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ பறக்கிறவர்களுக்கு நடுவில் ஒரு பகல் கிடைத்துவிட்டால், முதலில் எழும் கேள்வி இதுதான்: "ஹாகியா சோபியாவுக்கு 25 யூரோவாமே, அவ்வளவு கொடுத்துப் போகலாமா?" நாலு பேர் குடும்பத்துக்கு 100 யூரோ. ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் யாருக்கும் கை கொஞ்சம் பின்வாங்கத்தான் செய்யும்.

தேவாலயமாகக் கட்டப்பட்டுப் பள்ளிவாசலாக மாறிய கட்டடம் அந்த ஊரில் ஹாகியா சோபியா ஒன்று மட்டும் இல்லை. பழைய நகரத்தின் மேற்கு மதிலை ஒட்டி கோரா இருக்கிறது. துருக்கியில் அதற்குக் காரியே என்று பெயர். ஹாகியா சோபியாவிலிருந்து கடல் பக்கமாக இறங்கி நடந்தால் குச்சுக் ஆயசோபியா, அதாவது சின்ன ஹாகியா சோபியா. மூன்றுமே ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்காக எழுந்தவை, மூன்றும் இன்று பள்ளிவாசல்கள். ஆனால் மூன்றிலும் பார்வையாளருக்குக் கிடைப்பது ஒன்றல்ல.

புகழை வைத்தோ, கட்டடத்தின் வயதை வைத்தோ இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் பயன் இல்லை என்பது என் கட்சி. 2020க்குப் பிறகு விதிகள் மாறிவிட்டன. உங்களை எங்கே நிற்க விடுகிறார்கள், அங்கிருந்து கண்ணுக்கு என்ன தெரிகிறது என்பதுதான் இப்போது முக்கியம். அதைப் பார்த்து முடிவு செய்தால் பணமும் வீணாகாது, ஏமாற்றமும் வராது.

ஹாகியா சோபியா: மேல்மாடத்துக்கு மட்டும் 25 யூரோ

532 ஜனவரியில் மூண்ட நிக்கா கலவரத்தில் அந்த இடத்தில் இருந்த பழைய தேவாலயம் எரிந்துபோனது. இந்த நகரத்திலிருந்து ஆண்ட பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன் உடனே புதிதாகக் கட்ட ஆரம்பித்து 537 டிசம்பரில் திறந்துவிட்டார். முழுதாக ஆறு வருடம்கூட ஆகவில்லை. வேலையை ஏற்றுக்கொண்ட அந்தேமியஸ், இசிதோர் இருவரும் கொத்தனார் பரம்பரை அல்ல, கணிதம் தெரிந்தவர்கள். முதல் குவிமாடம் நிலநடுக்கங்களில் ஆட்டம் கண்டு 558இல் இடிந்தது. மூத்த இசிதோரின் உறவினரான இளைய இசிதோர் அதை இன்னும் உயர்த்திக் கட்டினார். பிறகும் இரண்டு முறை பகுதி பகுதியாக விழுந்து, மறுபடி கட்டப்பட்டு, இன்று தரையிலிருந்து ஏறத்தாழ 55 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அடிவிளிம்பைச் சுற்றி 40 சன்னல்கள். வெயில் அவற்றின் வழியே பாயும்போது குவிமாடத்துக்குக் கீழே சுவர் இருப்பதே தெரியாது. புத்தகங்களில் வரும் வர்ணனை எல்லாம் இந்த ஒரு காட்சியைப் பற்றியதுதான்.

1453இல் உஸ்மானிய சுல்தான் இரண்டாம் மெஹ்மத் நகரைப் பிடித்ததும் பள்ளிவாசலாயிற்று. 1934இல் அமைச்சரவை முடிவெடுத்து, 1935இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். 2020 ஜூலையில் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்ய, அதே மாதம் 24ஆம் தேதி மறுபடி தொழுகை தொடங்கியது. அதற்குப் பின் மூன்று வருடத்துக்கு மேல் எல்லோரும் இலவசமாகவே உள்ளே போய்வந்தார்கள். 2024 ஜனவரியில் ஏற்பாடு மாறியது. வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தனி வாசல், 25 யூரோ சீட்டு, மேல்மாடம் மட்டும். கீழ்த்தளம் தொழ வருகிறவர்களுக்கு. அவர்களுக்குக் கட்டணம் கிடையாது.

பலருக்கு இது அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிகிறது. படத்தில் பார்த்த அந்தப் பெரிய கூடத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். நடுக்கூடத்தில் நிற்க முடியாது. பைசாந்தியப் பேரரசர்கள் முடிசூடிக்கொண்ட வட்டக் கற்கள் பதித்த தரை, சுல்தான் மூன்றாம் முராத் காலத்தில் பெர்கமோனிலிருந்து வந்த ஒற்றைப் பளிங்கு ஜாடிகள், விரலை விட்டுச் சுற்றுகிற ஈரத் தூண், எல்லாம் கீழே. உங்களுக்கு இல்லை.

இன்னொரு விஷயம், 2025இல் குவிமாடத்தைப் பழுதுபார்க்கும் பெரிய வேலை தொடங்கியிருக்கிறது. இரும்புத் தூண்கள் நிறுத்தி, அவற்றின் மேல் மேடை போட்டு வேலை நடக்கிறது. குவிமாடத்தைப் பார்க்கவே போகிறவர்கள், புறப்படும் மாதத்தில் எடுத்த படங்களைத் தேடிப் பார்த்துவிட்டுச் சீட்டு வாங்குவது நல்லது.

சரி, மேல்மாடத்தில் என்னதான் இருக்கிறது? நிறையவே இருக்கிறது. கீழே போக முடியாத குறையை முழுக்க இல்லாவிட்டாலும் பெருமளவு தீர்க்கும்.

முதலாவது, தெற்கு மாடத்தில் உள்ள தெயெசிஸ் மொசைக். நடுவில் கிறிஸ்து, இரு பக்கமும் மரியாளும் திருமுழுக்கு யோவானும் மனித குலத்துக்காக மன்றாடுகிறார்கள். கீழ்ப்பாதி உதிர்ந்துபோய்விட்டது. மிஞ்சிய மூன்று முகங்களுமே போதும். பக்கத்தில் நின்று யோவானின் முகத்தைப் பாருங்கள். கன்னத்துக் குழிவில் பச்சை, பழுப்பு, இளஞ்சிவப்பு என்று கடுகளவு கண்ணாடிச் சில்லுகள். இரண்டடி பின்னால் வந்தால் அவை கலந்து துக்கம் தோய்ந்த ஒரு மனிதரின் தோலாகிவிடுகின்றன. முகங்களில் நிழல் விழும் பக்கத்தை, அங்கே இருக்கிற நிஜ சன்னலின் வெளிச்சத்துக்கு ஏற்ப அமைத்திருக்கிறார் அந்தப் பெயர் தெரியாத கலைஞர். அச்சிட்ட படத்தில் இது பிடிபடாது.

அதே மாடத்தின் கோடியில் பேரரசி ஸோயியும் அவர் கணவர் ஒன்பதாம் கான்ஸ்டன்டைனும் கிறிஸ்துவுக்குக் காணிக்கை தரும் மொசைக். ஸோயி மூன்று முறை மணம் செய்தவர். கான்ஸ்டன்டைன் மூன்றாமவர். படத்தில் ஏற்கெனவே இருந்த தலையைக் கொத்தியெடுத்துவிட்டுப் புதுத் தலையை வைத்திருக்கிறார்கள். மாற்றிய தடயம் இன்றும் தெரிகிறது. நம்மூர் சுவர் விளம்பரங்களில் கட்சி மாறியதும் தலைவர் முகத்தை மட்டும் மாற்றி வரைவார்களே, அதே கைவரிசை!

பளிங்குக் கைப்பிடிச் சுவரில் வைகிங் வீரன் ஒருவன் ரூன் எழுத்தில் தன் பெயரைக் கீறி வைத்திருக்கிறான். ஹால்ஃப்தான் என்பது மட்டும் படிக்க முடிகிறது. பேரரசரின் காவல்படையில் வடநாட்டு வீரர்கள் இருந்த காலத்து வேலை. அப்புறம், தரையில் என்ரிகோ தாந்தோலோவின் பெயர் பொறித்த ஒரு கல். 1204இல் நான்காம் சிலுவைப் போர்ப் படையை இந்த நகரத்தின் மீதே ஏவிக் கொள்ளையடிக்க வைத்ததில் பெரும் பங்கு உள்ள வெனிஸ் தலைவர் அவர். 1205இல் இறந்தபோது இங்கேயே புதைத்தார்கள். கல் 19ஆம் நூற்றாண்டில் வைத்ததுதான். ஆனாலும் அதன் முன் ஒரு நிமிடம் நிற்பது நல்லது. "கிறிஸ்தவத் தேவாலயம், பிறகு முஸ்லிம் பள்ளிவாசல்" என்று இரண்டே வரியில் சொல்லிவிடுகிற வரலாற்றில், 1204 முதல் 1261 வரை இது கத்தோலிக்கர் கையில் இருந்ததும், கிறிஸ்தவர்களே கிறிஸ்தவர்களின் தேவாலயத்தைச் சூறையாடியதும் காணாமல் போய்விடும். இந்தக் கல் அதை நினைவுபடுத்தும்.

மேல்மாடத்தில் நிற்பதால் மட்டும் கிடைக்கிற ஒரு லாபமும் உண்டு. கீழே விரித்திருக்கும் கம்பளத்தின் கோடுகளைப் பாருங்கள். கட்டடம் ஒரு பக்கம் பார்க்கிறது, கம்பளக் கோடு கொஞ்சம் வலப்பக்கம் திரும்பி ஓடுகிறது. தேவாலயத்தின் பீடம் ஒரு திசையை நோக்கி அமைந்தது. மக்கா இருப்பது அதற்குச் சற்றுத் தெற்கே. கட்டடத்தைத் திருப்ப முடியாது என்பதால், தொழும் திசையைக் காட்டும் சுவர்க் குழிவான மிஹ்ராபையும் தொழுகை வரிசைகளையும் திருப்பிக்கொண்டார்கள். இரண்டு சமயங்கள் ஒரே கூரையின் கீழ் எப்படி ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கின்றன என்பது இந்தச் சாய்வில் பளிச்சென்று தெரியும். கீழே நிற்பவரைவிட மேலே நிற்பவருக்கு நன்றாகத் தெரியும். அல்லாஹ், நபிகள், நான்கு கலீஃபாக்கள், ஹசன், ஹுசைன் பெயர்கள் எழுதிய எட்டு வட்டப் பலகைகளும் இங்கிருந்து ஏறக்குறைய நேர் மட்டத்தில் இருக்கின்றன. குறுக்களவு ஏழரை மீட்டர். கட்டடக் கலைஞர்களான ஃபொஸ்ஸாத்தி சகோதரர்கள் 1847 முதல் 1849 வரை நடத்திய திருப்பணியின்போது காஸஸ்கர் முஸ்தஃபா இஸ்ஸெத் எஃபெந்தி எழுதியவை அவை.

இங்கே ஒரு வார்த்தை. கீழ்த்தள வாசலில் "தொழத்தான் வந்தேன்" என்று சொல்லி நுழைந்தால் 25 யூரோ மிச்சம் என்று யோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தொழுகிறவர் என்றால் தாராளமாகப் போங்கள். தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்குக் கணக்கே வேறு. ஐந்து வேளையில் ஒரு வேளை அங்கே தொழுதுவிட்டு, பார்க்க ஆசையிருந்தால் மட்டும் மாடத்துக்குத் தனியாகச் சீட்டு எடுத்துக்கொள்ளலாம். தொழாதவர்கள் நடித்து உள்ளே போவது கோயிலில் சும்மா கும்பிடுவது போலப் பாவனை செய்து சிறப்பு வரிசையில் நுழைவதைவிட மோசம்.

சீட்டு வாங்கும்போது பக்கத்தில் இருக்கும் அனுபவ அருங்காட்சியகத்தையும் சேர்த்து வாங்கச் சொல்லி ஆசை காட்டுவார்கள். திரையில் ஓடும் காட்சிகள்தான் அங்கே. ஒரே ஒரு பகல் கையில் இருப்பவருக்கு அது தேவையே இல்லை. இஸ்தான்புல் அருங்காட்சியகப் பாஸ் இங்கே செல்லாது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மாடத்துக்கு ஏறுவது படிக்கட்டில் அல்ல, கல் பாவிய சாய்தளத்தில். கற்கள் மேடுபள்ளமாக, தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். முழங்கால் வலிக்கிற அப்பா அம்மாவைக் கூட்டிப் போகிறவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

கோரா: சின்னக் கட்டடம், கொட்டிக் கிடக்கும் படங்கள்

கோராவுக்கு 20 யூரோ. 2020இல் இதையும் பள்ளிவாசலாக அறிவித்துவிட்டு, பழுதுபார்ப்பு முடிந்து 2024 மே மாதம்தான் திறந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் செங்கல்லும் கல்லும் அடுக்கிய ஒரு சாதாரணக் கட்டடம். "இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்" என்று கூட வந்தவர்கள் முணுமுணுப்பார்கள். உள்ளே நுழைந்து தலையை நிமிர்த்தியதும் முணுமுணுப்பு நின்றுவிடும்.

11ஆம் நூற்றாண்டுக் கட்டடத்தை எடுத்துச் செப்பனிட்டு, ஏறத்தாழ 1315 முதல் 1321 வரை மொசைக்குகளாலும் சுவரோவியங்களாலும் நிரப்பியவர் தெயொதோர் மெத்தோகிதெஸ். பேரரசின் கருவூலத்தையும் வரியையும் கவனித்தவர், பெரிய படிப்பாளி. உள்வாசலுக்கு மேலே அவரே இருக்கிறார். தலையில் பூசணி அளவுக்குப் பருத்த தலைப்பாகை, கையில் தேவாலயத்தின் சிறு உருவம், மண்டியிட்டு அதைக் கிறிஸ்துவிடம் நீட்டுகிறார். வெளி மண்டபத்தில் மரியாளும் யோசேப்பும் ஆளுநர் முன்னால் மக்கள்தொகைப் பதிவுக்கு, அதாவது வரிக் கணக்குக்குப் பெயர் கொடுக்கும் காட்சியை அவ்வளவு விரிவாக வைத்திருப்பது தற்செயலாக இருக்க முடியாது. வரி அதிகாரி தன் வேலைக்கும் வேதத்தில் ஓர் இடம் பார்த்துக்கொண்டார் என்றுதான் தோன்றுகிறது. பாவம், 1328இல் ஆட்சி மாறியதும் அவரை நாடு கடத்தினார்கள். பிறகு திரும்பி வந்து, தான் அலங்கரித்த அதே மடத்தில் துறவியாக வாழ்ந்து 1332இல் இறந்தார்.

கோராவின் பெரிய வசதி, படங்கள் உங்கள் தலைக்குச் சற்று மேலேயே இருக்கின்றன. ஹாகியா சோபியாவில் பல படங்களை எட்ட நின்று பார்க்க வேண்டும். இங்கே கழுத்தை மட்டும் வளைத்தால் போதும். மரியாளின் பெற்றோர் கதையிலிருந்து இயேசுவின் அற்புதங்கள் வரை வரிசையாகப் போகின்றன. நம் கத்தோலிக்க வாசகர்கள் புனித சுவக்கின், அன்னம்மாள் கதையை இங்கே காட்சி காட்சியாக அடையாளம் காணலாம். குழந்தை மரியாள் வைக்கும் முதல் ஏழு அடிகள், பெற்றோர் இருவரும் அவளை நடுவில் வைத்துக் கொஞ்சுவது என்று பைபிளில் இல்லாத வீட்டுக் காட்சிகள் அவை.

அந்த வரிசையில் ஒரு படத்தை மட்டும் நின்று பாருங்கள். ஆலயத்தில் வளர்கிற சிறுமி மரியாளுக்கு வானதூதர் உணவு கொண்டுவருகிறார். இதே கதை குர்ஆனிலும் உண்டு. ஆல இம்ரான் அத்தியாயத்தின் 37ஆம் வசனத்தில் ஸகரிய்யா நபி மர்யம் இருந்த மிஹ்ராபுக்குள் நுழையும்போதெல்லாம் அவரிடம் உணவு இருப்பதைக் காண்கிறார், "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்க, "அல்லாஹ்விடமிருந்து" என்கிறார் மர்யம். உஸ்மானியப் பள்ளிவாசல்கள் பலவற்றில் மிஹ்ராபுக்கு மேலே எழுதி வைப்பது இந்த வசனத்தைத்தான். ஆக, கிறிஸ்தவக் கலைஞன் கூரையில் படமாக வைத்ததையும் முஸ்லிம் எழுத்துக் கலைஞர்கள் சுவரில் வசனமாக வைத்ததையும் ஒரே கதை இணைக்கிறது. இரண்டு சமயம் தொட்ட கட்டடத்தைப் பார்க்கப் போகிறவருக்கு இதைவிட நேரடியான சந்திப்புப் புள்ளி ஹாகியா சோபியாவில்கூடக் கிடைக்காது என்பேன்.

பக்கத்தில் நீளமான சிற்றாலயம் ஒன்று. கல்லறைகளுக்காகக் கட்டியது. மொசைக் இல்லை, சுவரோவியம். கோடி வளைவில் உயிர்த்த கிறிஸ்து வெள்ளை உடையில், ஆதாமை ஒரு கையாலும் ஏவாளை மறு கையாலும் பிடித்துக் கல்லறையிலிருந்து விடுக்கென்று இழுக்கிறார். கையைப் பிடிக்கவில்லை, மணிக்கட்டைப் பிடித்திருக்கிறார். இழுக்கிற வேகத்தில் உடை பறக்கிறது. காலடியில் உடைந்த கதவுகள், சிதறிய பூட்டுச் சாவிகள், கட்டுண்டு கிடக்கும் சாத்தான். மேற்கு ஐரோப்பாவில் இத்தாலிய ஓவியர் ஜோத்தோ வரைந்துகொண்டிருந்த அதே காலம் இது. அவரைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இந்த ஓவியனைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கோராவிலும் கட்டுப்பாடுகள் உண்டு. நடுக்கூடம் தொழுகை இடம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். அங்கே கதவுக்கு மேலே மரியாள் துயில்கொள்ளும் மொசைக் இருக்கிறது. தொழுகை நேரத்தில் மறைத்துவிடுவார்கள். ஆனால் படங்களில் பெரும்பகுதி இரண்டு முன்மண்டபங்களிலும் சிற்றாலயத்திலும்தான் இருக்கிறது. அதனால் இழப்பு கொஞ்சம்தான். மிஹ்ராபு இங்கேயும் நடுவில் இல்லாமல் சற்றுத் தள்ளித் திரும்பி நிற்கிறது. மாடத்தில் பார்த்த சாய்வை நினைவில் வைத்திருப்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

குறை என்றால் தூரம். ஹாகியா சோபியா இருக்கும் சுல்தானஹ்மெத் பகுதியிலிருந்து நடக்கிற தொலைவு இல்லை. எதிர்நேகாபி வரை பேருந்திலோ டிராமிலோ வந்து, அங்கிருந்து சந்துகளுக்குள் நடக்க வேண்டும். போக வர, பார்க்க என்று அரை நாளை ஒதுக்கிவிடுங்கள். அவ்வளவு தூரம் வந்த கையோடு தியொதோசியஸ் மதிலையும், எதிர்நேகாபி முனையில் உஸ்மானியக் கட்டடக் கலைஞர் சினான் கட்டிய மிஹ்ரிமா சுல்தான் பள்ளிவாசலையும் பார்த்துவிடலாம். படங்களே வேண்டாம், வெளிச்சம் மட்டும் போதும் என்பவருக்கு அந்தப் பள்ளிவாசலின் சன்னல்கள் தனி விருந்து.

குச்சுக் ஆயசோபியா: காசும் இல்லை, கூட்டமும் இல்லை

பெயரைப் பார்த்து பெரியதன் நகல் என்று நினைக்க வேண்டாம். இதுதான் கொஞ்சம் மூத்தது. ஜஸ்டினியனும் அவர் மனைவி தெயொதோராவும் 527க்கும் 536க்கும் இடையில் செர்ஜியஸ், பாக்கஸ் என்ற இரு புனிதர்களுக்காகக் கட்டியது. உள்ளே எண்கோணம், அதைச் சுற்றிக் கொஞ்சம் கோணலான சதுரம். மேலே 16 பட்டைகள் கொண்ட குவிமாடம். ஒரு பட்டை தட்டையாக, அடுத்தது குழிவாக மாறி மாறி வரும். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுல்தான் இரண்டாம் பாயசீதின் அரண்மனை அதிகாரி ஹுசைன் ஆகா இதைப் பள்ளிவாசலாக்கினார். அன்றிலிருந்து பள்ளிவாசல்தான். அருங்காட்சியகம் ஆனதே இல்லை.

மொசைக் எதுவும் மிஞ்சவில்லை. அதனால் படம் பார்க்க வந்தவர்கள் பத்து நிமிடத்தில் திரும்பிவிடுவார்கள். நான் இதைச் சிபாரிசு செய்வதற்குக் காரணம் வேறு. இங்கே தொழுகை நேரம் தவிர மற்ற நேரத்தில் குவிமாடத்துக்கு நேர் கீழே, நட்ட நடுவில் போய் நிற்கலாம். செருப்பைக் கழற்றிக் கம்பளத்தில் உட்காரவும் செய்யலாம். ஜஸ்டினியன் காலத்துக் குவிமாடத்தின் கீழ் நிற்பது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள, 25 யூரோ கொடுத்தாலும் பெரியதில் கிடைக்காத இடம், இங்கே சும்மாவே கிடைக்கிறது.

உட்கார்ந்தபடியே கீழ்த்தளத்துக்கும் மாடத்துக்கும் நடுவே ஓடும் பளிங்குப் பட்டியைப் பாருங்கள். திராட்சைக் கொடிச் செதுக்கலுக்கு நடுவே பெரிய கிரேக்க எழுத்துகள் கூடத்தைச் சுற்றி ஓடுகின்றன. பன்னிரண்டு அடிகள் கொண்ட ஒரு பாட்டு அது. மற்ற அரசர்கள் பயனில்லாதவர்களைப் போற்றினார்கள், நம் ஜஸ்டினியனோ செர்ஜியஸைப் போற்றுகிறார் என்ற பாணியில் போகும். தெயொதோராவுக்கும் வாழ்த்து உண்டு. வேடிக்கை என்னவென்றால் பாக்கஸின் பெயர் பாட்டில் எங்குமே இல்லை. கோயில் இருவருக்கு, கல்வெட்டு ஒருவருக்கு. தூண் தலைகள் சிலவற்றில் ஜஸ்டினியன், தெயொதோரா பெயர்களின் கூட்டெழுத்தும் தெரியும். பள்ளிவாசலாக்கியவர்கள் இந்தக் கிரேக்கப் பாட்டைச் செதுக்கி எடுக்கவில்லை. ஐந்நூறு வருடமாக அதன் கீழேயே தொழுதுகொண்டிருக்கிறார்கள்.

ரயில் பாதை 1870களில் கட்டடத்தை உரசுகிற மாதிரி போடப்பட்டது. அதிர்விலும் ஈரத்திலும் சுவர் விரிசல் கண்டு, 2000களின் நடுவில் பெரிய அளவில் பழுதுபார்த்தார்கள். அதனால் பூச்சு புத்தம் புதிதாக இருக்கிறது. பழசின் வாடை பிடித்தவர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தும். முற்றத்தைச் சுற்றியுள்ள பழைய மதரசா அறைகளில் இப்போது கைவினைக் கடைகள். மரத்தடியில் உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம், குழந்தைகள் ஓடியாட இடம் உண்டு.

வேறு இரண்டு, ஒரு வரியில்

பம்மகாரிஸ்தோஸ் (இப்போது ஃபெத்தியே) 1456 முதல் 1587 வரை, அதாவது உஸ்மானியர் ஆட்சியிலேயே, ஆர்த்தடாக்ஸ் தலைமைப் பேராயரின் இருக்கையாக இருந்து, பிறகு பள்ளிவாசலானது. ஸெய்ரெக், கொம்னெனோஸ் அரச குடும்பம் 12ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மடம். இரண்டும் இரண்டாவது முறை வருகிறவர்களுக்கு.

அப்படியானால் எது?

கையில் நாலு மணி நேரம்தான் என்றால் கோராவை மறந்துவிடுங்கள். குச்சுக் ஆயசோபியாவுக்கு முதலில் போய், நடுவில் உட்கார்ந்து, அங்கிருந்து பழைய தேரோட்ட மைதானமான ஹிப்போட்ரோம் வழியாக மேலே ஏறி வந்து ஹாகியா சோபியா மாடத்துக்குச் சீட்டு எடுங்கள். இந்த வரிசையில் போனால், மாடத்திலிருந்து குவிமாடத்தைப் பார்க்கும்போது கீழே நிற்க முடியவில்லையே என்ற குறை அவ்வளவாக உறுத்தாது. மாடத்துக்குக் காலை 9 மணிக்கே போய்விட முடிந்தால் மட்டும் வரிசையைத் தலைகீழாக்கலாம். பதினொன்றுக்கு மேல் வெயிலில் நிற்கும் வரிசை பொறுமையைச் சோதிக்கும்.

முழுப் பகல் இருக்கிறது, ஆனால் ஒரு சீட்டுக்குத்தான் பணம் ஒதுக்க முடியும் என்றால், குவிமாடத்தின் கீழே சாரம் நிற்கும் வரை என் ஓட்டு கோராவுக்கு. 20 யூரோவுக்குக் கிடைக்கும் இடமும் நெருக்கமும் 25 யூரோவுக்குக் கிடைப்பதைவிட அதிகம். ஹாகியா சோபியாவை வெளியே சுற்றிப் பார்த்துக்கொள்ளலாம். சினான் 16ஆம் நூற்றாண்டில் கட்டிய முட்டுச் சுவர்களும், வெவ்வேறு காலத்தில் எழுந்த நான்கு மினாராக்களும் வெளியேதானே இருக்கின்றன. "அவ்வளவு தூரம் போய் உள்ளே போகவில்லையா?" என்று ஊரில் கேட்பார்கள் என்ற கவலை இருந்தால் மட்டும் தீர்ப்பை மாற்றிக்கொள்ளுங்கள். அந்தக் கவலை சின்னதில்லை என்பது எனக்கும் தெரியும்.

மூத்தவர்களோடு வருகிறவர்களுக்குச் சாய்தளம் இல்லாத குச்சுக் ஆயசோபியா போதும். வாடகைக் காருக்குச் செலவு செய்ய முடிந்தால் கோராவும். சின்னக் குழந்தைகளோடு கோராவுக்குப் போவதை நான் சொல்ல மாட்டேன். கழுத்தை வளைத்துப் பார்ப்பதற்கு மட்டுமே அங்கே வேலை. அவர்கள் கால் மணி நேரத்தில் சிணுங்க ஆரம்பிப்பார்கள்.

உடை விஷயம் மூன்றுக்கும் ஒன்றுதான். பெண்கள் தலையை மறைக்க ஒரு துப்பட்டா கையில் இருந்தால் வாசலில் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஆண்கள் அரைக்கால் சட்டையைத் தவிர்க்கவும். மாடத்தில் செருப்போடு நடக்கலாம். கம்பளம் விரித்த இடத்தில் எல்லாம் கழற்ற வேண்டும். சுத்தமான காலுறை போட்டுக்கொண்டு புறப்படுங்கள்.

கடைசியாக, நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமைகளில் கோராவைச் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறப்பதில்லை. ஹாகியா சோபியா மாடமும் ஜும்ஆ தொழுகையையொட்டி மதியம் மூடிவிட்டு, இரண்டரை மணி வாக்கில்தான் திறக்கும். உங்கள் ஒரே பகல் வெள்ளிக்கிழமையாக அமைந்துவிட்டால், காலை 9 மணிக்கு மாடம், முற்பகலில் குச்சுக் ஆயசோபியா, ஜும்ஆவுக்கு முன் அங்கிருந்து வெளியே வந்து முற்றத்தில் ஒரு தேநீர். கோராவை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.